வெட்டு வாங்கிய கவிஞர்

அந்தக் கவிஞரின் கன்னத்தில் கோடரி இறங்கியபோது அவரைத் தூக்கிப் பிடித்திருந்தவள் நான். கவிஞர் என்றால் உயிருள்ள ஆள் இல்லை. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலியில் யாரோ ஓர் ஓவியர் மரப்பலகையில் வரைந்து வைத்த ஆள். பாபகூராவைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் சாலையில் இருந்த ஒரு பெரிய வீட்டில், புத்தக அறைக் கதவுக்குப் பக்கத்தில் அவர் மாட்டப்பட்டிருந்தார். அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான் திருச்சியில் நர்ஸாக இருந்தவள். இந்த நாட்டுக்கு வந்தபின், இங்கே நர்ஸ் பதிவு கிடைக்கும்வரை வீடுகளுக்குப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த சான்ட்ரிங்ஹாமிலிருந்து டவுனுக்கு பஸ், டவுனிலிருந்து பாபகூராவுக்கு ரயில். ஸ்டேஷன் வாசலில், அதே வீட்டில் வேலை செய்த அக்கா காரோடு நிற்பார். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். போர் முடிவதற்குள் குடும்பத்தில் பாதிப் பேரை இழந்து இங்கே வந்தவர் என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த வீட்டில் சமையலும் துப்புரவும் அவர் பொறுப்பு.

பெரியவருக்கு எண்பது தாண்டியிருந்தது. இடுப்பில் அறுவை செய்திருந்ததால் நாற்காலியில்தான் பெரும்பாலான பொழுது. எழுந்து நிற்பதற்கு, வெள்ளிக் குமிழ் வைத்த கைத்தடி. மனைவி இறந்துவிட்டார். மகள் தலைநகர் வெலிங்டனில். என்னிடம் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. காலையில் மாத்திரை கொடுக்கும்போது அந்தப் படத்தைக் காட்டிப் பேசுவார். சிவப்புத் தொப்பி, அதன் மேல் ஒரு சின்ன இலைச்சரம், கையில் புத்தகம், புத்தகத்துக்குள் ஒரு விரல். யாரோ வாசிப்பைக் கெடுத்துவிட்டதுபோல ஓரப்பார்வை. "அந்த இலை இருக்கு பாரு, அது கவிஞர்களுக்கு வைக்கறது. பேர் தெரியாது. ஊர் ராஜாவைக் கிண்டல் பண்ணி எழுதினதுக்காகக் கத்தியால குத்திக் கொன்னாங்கன்னு எங்க தாத்தா சொல்வார்" என்பார். தாத்தாதான் அதை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தவர்.

அக்காவுக்கு அந்தப் படத்தைப் பிடிக்காது. "உந்த மனுசன் நான் தூசி தட்டேக்கையும் முறைச்சுப் பாக்குது பிள்ளை. உதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுதான் நான் வேலை செய்யிறனான்" என்பார்.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். அவரைக் குதிரைக்காரர் என்றே சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். லாயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாகக் குடியிருந்தார். மதியம் சமையலறைக் கதவில் வந்து நின்று, அக்கா கொடுக்கும் ரொட்டியையும் கோழிக்கறியையும் வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவார். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் மறுநாள் வந்து நிற்பார்.

ஒரு பிற்பகல், கிழட்டுப் பெண்குதிரை ஒன்று திறந்திருந்த வாசல்வழியாகச் சாலைக்குப் போய் லாரியில் அடிபட்டது. சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெராந்தாவுக்கு வந்தார். குதிரை பள்ளத்தில் கிடந்தது. முன்னங்கால்கள் இரண்டும் ஒடிந்து, எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. அது எழுந்திருக்கப் பார்ப்பதும் மறுபடி விழுவதுமாக இருந்தது. குதிரை அப்படிக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"குதிரை டாக்டரைக் கூப்பிட்டிருக்கேன், வந்துகிட்டிருக்கார்" என்றார் குதிரைக்காரர். அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கியை எடுத்துட்டு வா" என்றார் பெரியவர். "நீ திறந்துவிட்ட கேட். நீயே முடி."

"நான் திறக்கலை."

"எடுத்துட்டு வா."

அவர் எடுத்து வந்தார். முதல் குண்டு தாடையில் பட்டது. தாடை தொங்கிப்போய், அந்த வாயால் குதிரை மறுபடி கத்தியது. இரண்டாவது எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்றாவதில் அடங்கியது. சமையலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டுத் திரும்பி ஜன்னல்வழியாகப் பார்த்தேன். அக்கா தரையில், சுவரோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார்.

குதிரைக்காரர் படியேறி வந்து துப்பாக்கியைப் பெரியவரின் காலடியில் வைத்தார். வைத்துவிட்டு நிமிரும்போது பெரியவர் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, வெள்ளிக் குமிழால் அவர் முகத்தில் அடித்தார். மூக்கெலும்பு நொறுங்கியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த வயதில், அந்த இடுப்போடு, அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. அடித்துவிட்டுத் தள்ளாடினார். நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துண்டை நீட்டினேன். குதிரைக்காரர் என் கையைத் தட்டிவிட்டார். ரத்தம் வாய்க்குள் இறங்க, "நான் திறக்கலை" என்று மறுபடியும் சொன்னார். அந்த வாரமே அவரை லாயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வாசலைத் திறந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குதிரைக்காரர் திரும்பி வந்தது ஒரு மழை நாளில். மதிய நேரம். நான் புத்தக அறையில் தரையில் உட்கார்ந்து, வெந்நீரில் ஊறவைத்த பெரியவரின் பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். வெராந்தாப் பக்கத்துக் கண்ணாடிக் கதவு உடையும் சத்தம் கேட்டது. காற்றில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்து பீங்கான் அலமாரி. அதற்குப் பிறகு காற்று என்று நினைக்க வழியில்லை. ஒவ்வொன்றாக, நிதானமாக, இடைவெளி விட்டு உடைந்தது.

அறை வாசலில் அவர் வந்து நின்றார். விறகுக் கொட்டகைக் கோடரி கையில் இருந்தது. மூக்கு கோணலாகக் கூடியிருந்தது. கண்கள் தூங்காத கண்கள். குடித்திருந்தாரா, வேறு எதையாவது எடுத்திருந்தாரா என்று பிற்பாடு போலீஸ் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"நீ வெளியே போ" என்றார் என்னிடம். "உன்னோட எனக்கு ஒண்ணுமில்லை. சமையல்காரம்மாவையும் கூட்டிட்டுப் போயிடு."

போயிருக்கலாம். வழியை விட்டு ஒதுங்கியும் நின்றார். நான் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள், என் கணவர் உட்பட. தைரியம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கிழட்டுப் பாதம் என் மடியில் ஈரமாக இருந்தது, அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போவது எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். "சார் நடக்க முடியாதவர்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

அவர் முதல் வெட்டை நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த மேசையில் போட்டார். மேசை இரண்டாகிச் சாய்ந்து, வெந்நீர்ப் பாத்திரம் உருண்டது. பெரியவர் கைத்தடியைத் தேடினார். கைக்கு எட்டவில்லை. கோடரி மறுபடி உயர்ந்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். கதவுப் பக்கச் சுவரில் கைக்கு எட்டியது அந்தப் படம் ஒன்றுதான். இரண்டு கையாலும் கொக்கியிலிருந்து தூக்கினேன். என் மார்பளவு அகலம், இரண்டு விரல் கனம், பின்னால் குறுக்குச் சட்டங்கள். கவிஞரின் முகத்தை வெளிப்பக்கம் வைத்து, நான் பின்னால் ஒடுங்கினேன்.

வெட்டு விழுந்தது. முழங்கை, தோள், பல் எல்லாம் ஒருசேர அதிர்ந்தன. இடது மணிக்கட்டில் ஏதோ பட்டென்று போயிற்று. கோடரியின் நுனி பலகையைத் தாண்டி என் முகத்துக்கு முன்னால் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டு நின்றது. பலகை பிளக்கவில்லை. அது கோடரியைக் கவ்விக்கொண்டது.

அவர் இழுத்தார். நான் விடவில்லை. விட்டால் கோடரி அவர் கைக்குப் போய்விடும் என்று புரிந்தது. பலகையோடு என்னை அறையின் நடுவுக்கு இழுத்தார். ஈரக் கம்பளத்தில் இருவரும் சுற்றினோம், கிணற்றுக் கயிற்றுக்கு இழுபறி செய்வதுபோல. கடைசியில் அவர் பிடியை விட்டுவிட்டு என் கூந்தலைப் பிடித்தார். புத்தக அலமாரியின் விளிம்பில் என் தலையை மோதினார். ஒரு தரம். இன்னொரு தரம். நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணை மறைத்தது. என் வாய்க்கு எதிரே அவர் முன்கை வந்தது. கடித்தேன். தோல் விட்டுக்கொடுக்கும்வரை கடித்தேன். அந்த உப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அப்போது அக்கா உள்ளே வந்தார். கொதிக்கிற உருளைக்கிழங்குப் பானையை இரண்டு பக்கமும் துணி சுற்றிப் பிடித்திருந்தார். ஓடிவரவில்லை. தளும்பாமல் நடந்து வந்தார். குதிரைக்காரரின் பிடரியில் மொத்தத்தையும் ஊற்றினார்.

அவர் என்னை விட்டார். முழங்காலிட்டு விழுந்தார். சட்டையைக் கிழிக்கப் பார்த்தார். கத்தல் பெரிதாக இருந்தது. எல்லாம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

என் கையில் பலகை இருந்தது. கோடரி எப்போதோ கழன்று விழுந்திருந்தது. நான் பலகையைத் திருப்பி, அதன் மூலையால் அவர் தோளெலும்பில் அடித்தேன். எலும்பு உள்ளே அமுங்கியது. என் இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது, வலியே தெரியவில்லை. மறுபடி தூக்கி வாயில் அடித்தேன். பற்கள் கம்பளத்தில் விழுந்தன. அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளின் மேலேயே மூன்றாவது அடி.

"போதும் பிள்ளை. அவன் விழுந்திட்டான். விடுங்கோ" என்று அக்கா என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தார். நான் அவரையும் உதறினேன். அக்காவின் முழங்கையெல்லாம் கொதிநீர் பட்டுச் சிவந்திருந்தது. அது கண்ணில் பட்டும் நான் நிறுத்தவில்லை. பலகை நாலாவது முறையும் மேலே போனது. அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது பயம் இல்லை. அதற்குப் பேர் சொல்லத் தெரியவில்லை, ஆனால் உடம்பு அதை விரும்பியது.

நாற்காலியிலிருந்து பெரியவர் சொன்னார்: "இன்னொண்ணு போடு."

மாத்திரை கேட்கும் அதே குரல். நான் திரும்பிப் பார்த்தேன். கால் இரண்டும் ஈரமாக, ஒரு பாதத்தில் நகம் பாதி வெட்டியபடி, அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னங்கள் சிவந்திருந்தன. அந்த வீட்டுக்கு நான் போன நாளிலிருந்து அவரை அவ்வளவு ஆரோக்கியமாகப் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு" என்றார் மறுபடி.

பலகையைக் கீழே வைத்தேன். தரையில் உட்கார்ந்தேன். குதிரைக்காரர் சுருண்டு கிடந்து அழுதுகொண்டிருந்தார். அக்கா பச்சைத்தண்ணீர் எடுத்து வந்து அவர் கழுத்தில் மெதுவாக ஊற்றினார். பிறகு போனை எடுத்து, வீட்டு விலாசத்தைத் தெளிவாக, இரண்டு முறை சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டில் கம்பி வைத்துக் கட்டினார்கள். நெற்றியில் தையல். அக்கா கையில் மருந்துக்கட்டோடு, ஒரு ஃபிளாஸ்க்கில் ரசத்தோடு வார்டுக்கு வந்தார். அவர் உட்காருவதற்குள் பெரியவரிடமிருந்து போன் வந்தது.

"உன் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றி சொன்னார். பிறகு, "போலீஸ் வருவாங்க. அந்தக் கைத்தடி விஷயம் தேவையில்லை. அது வேற நாள், வேற விஷயம்" என்றார்.

நான் யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா பேச்சைப் பாதி கேட்டிருந்தார்.

"என்னக்கா செய்றது?" என்றேன். "அவர் நம்மள வேலையிலிருந்து எடுத்துட்டா?"

"எடுக்கட்டும். நான் இனி அங்கை போறேல்லை" என்றார். ரசத்தை மூடியில் ஊற்றி என் வலது கையில் கொடுத்தார். "நீங்கள் எல்லாத்தையும் சொல்லுங்கோ. பெரியவர் கைத்தடிப் பொல்லால அடிச்சதையும் சொல்லுங்கோ. நான் சுடுதண்ணி ஊத்தினதையும் சொல்லுங்கோ. நடந்ததிலை பாதியைச் சொன்னால் அது வேறை கதையாப் போயிடும்."

"நான் அடிச்சதையும் சொல்லணும்."

"ஓம். அதையும்தான்."

சொன்னேன். எழுதிக்கொண்ட போலீஸ்காரப் பெண், குதிரையைச் சுட்ட கட்டம் வந்தபோது பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கடைசியில், "முதல் அடி புரியுது. மூணாவது எதுக்கு?" என்று கேட்டார். "நிறுத்த முடியலை" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். என் மேலும் அக்கா மேலும் வழக்கு எதுவும் வரவில்லை. குதிரைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் குதிரை விஷயமும் கைத்தடி விஷயமும் வாசிக்கப்பட்டன, நான் அடித்ததும் வாசிக்கப்பட்டது. அவர் என்னை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சிறைக்குப் போனார். பெரியவர் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கூப்பிட்டது அவருடைய மகள். ஐம்பதுகளில் இருப்பவர், பள்ளிக்கூடத்தில் வேலை. படத்தைச் சரிசெய்யக் கொடுத்திருப்பதாகவும் ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டார். டவுனில் ஒரு மாடியில், பெரிய ஜன்னல்கள் வைத்த அறை. கவிஞர் மேசையில் மல்லாந்து கிடந்தார். வெட்டு கன்னத்தில் தொடங்கி மோவாயைக் கடந்து புத்தகம் வரை வந்திருந்தது. புத்தகத்துக்குள் இருந்த விரல் போயிருந்தது. கீழ் மூலை நசுங்கியிருந்தது.

"மூலையில ரத்தம் இருந்தது, எடுத்துட்டேன்" என்றார் அங்கே வேலை செய்த பெண். மரம் ரொம்ப மென்மையானது, உள்ளே பூச்சி அரித்தது வேறு, அதனால்தான் கோடரி சிக்கிக்கொண்டது என்றும், கடினமான மரமாக இருந்தால் பிளந்து உங்கள் முகத்துக்கு வந்திருக்கும் என்றும் சொன்னார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வேறொரு நீல விளக்கைப் போட்டார். கவிஞரின் இரண்டு கண்களின் மேலும், வாயின் குறுக்கேயும், கருத்த கோடுகள் எழுந்து வந்தன. "இது கத்தி. ரொம்பப் பழசு. யாரோ கண்ணையும் வாயையும் கீறியிருக்காங்க. அப்புறம் யாரோ அடைச்சு வண்ணம் பூசியிருக்காங்க. வீட்டுல இருந்த யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போனேன். மகள் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "அப்பா உங்களை மறுபடி அடிக்கச் சொன்னதா உங்க வாக்குமூலத்துல இருக்கு. நிஜமா?"

"ஆமா."

"என்ன வார்த்தை சொன்னார்?"

சொன்னேன்.

"என் அண்ணனை அடிக்க அப்பா, அம்மா கையில பெல்ட்டைக் கொடுப்பார்" என்றார். "தான் அடிக்க மாட்டார். நாற்காலியில உக்காந்துகிட்டு அதையேதான் சொல்வார். அம்மா நிறுத்தினதே இல்லை. அண்ணன் பதினேழு வயசுல வீட்டை விட்டுப் போனவன், திரும்பி வரலை." பிறகு என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்து, "நீங்க நிறுத்தினீங்க" என்றார்.

மூன்று அடிக்குப் பிறகு நிறுத்தியதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் சொன்னதை மறுக்கவும் மனமில்லை.

வேலை செய்யும் பெண் மேசையிலிருந்து கேட்டார்: "கோடரி வெட்டை என்ன செய்யட்டும்? சிலர் அப்படியே விடச் சொல்வாங்க."

"மூடிடுங்க" என்றார் மகள். "தெரியாத மாதிரி மூடிடுங்க. எங்க வீட்டுச் சுவத்துக்குள்ள நான் அடி நிறையப் பார்த்துட்டேன்."

பெரியவர் அதற்கடுத்த குளிர்காலத்தில் இறந்தார். செய்தியை அக்காதான் சொன்னார். நாங்கள் இருவரும் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. எனக்கு நர்ஸ் பதிவு கிடைத்துவிட்டது. அக்கா இப்போது பாபகூராவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறார். அவர் கையில் தழும்பு இருக்கிறது. குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்க்குமாம்.

குதிரைக்காரரை நான் ஒடாஹுஹு ஸ்டேஷனில் பார்த்தேன், இந்த வருடம். பகல் நேரம், கூட்டம் அதிகமில்லை. முதலில் கழுத்தைத்தான் அடையாளம் தெரிந்தது. பிடரித் தோல் சுருங்கி வழவழப்பாக இருந்தது. அவர் திரும்பினார், என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பின்னால் எட்டு வைத்தார். முதுகு கம்பியில் இடிக்கும்வரை போனார். ஒரு கை தானாக வாய்க்கு முன்னால் உயர்ந்தது. என்னைக் கண்டு ஓர் ஆண் அப்படிப் பயந்ததை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்களைக் கடந்து போனவர்கள் எதையும் கவனிக்கவில்லை.

"நான் வேலைக்குப் போய்க்கிட்டிருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் கையை இறக்கினார். முன்பற்கள் புதிதாகக் கட்டியிருந்தார். "கிழவர்?" என்றார்.

"இறந்துட்டார்."

"எப்படி?"

"தூக்கத்துல. படுக்கையிலயே."

"படுக்கையில" என்று திருப்பிச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. பிறகு டவுன் ரயில் வந்தது. அவர் என்னை விட்டுத் தள்ளி, கடைசிப் பெட்டி வரை நடந்துபோய் ஏறினார். என் ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. வெயிலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, படபடப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.